மூன்றாம் வெட்டு

காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்கு. மகளுக்கு ஒரு வீடு அமைந்தாக வேண்டும். கல்யாணமான மாப்பிள்ளை மனைவி வீட்டுக்குக் குடிவருவார். வந்த மாப்பிள்ளையும் ஊரில் தங்குவதில்லை. கொழும்பு, கொல்கத்தா, சென்னை, பிற்பாடு ஹாங்காங், வளைகுடா என்று பிழைப்பு இருக்கும் இடத்துக்குப் போய்விட்டு, ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டாண்டுக்கு ஒரு முறையோ வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போவார். அப்படி வந்து போகிற மனிதருக்கு, பல வீடுகளில், தன்னுடையது என்று உரிமையோடு சொல்லிக்கொள்ள இருந்தது முன்கூடத்துச் சாய்வு நாற்காலி ஒன்றுதான்.

கூலக்கடை பஜாருக்குச் சற்றுத் தள்ளிய தெருவில் அப்படியொரு வீட்டில், 1970களில், ஒரு பையன் வளர்ந்தான். கொழும்பு வியாபாரத்தை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்ட பாட்டனாருக்கு அவன் செய்த முக்கியமான ஊழியம் நாற்காலியின் வெட்டு மாற்றுவது. “மூணுல போடு வாப்பா” என்று குரல் வந்தால், அவர் எழுந்து நிற்க, பையன் பின்னால் போய் முதுகுச் சட்டத்தைத் தூக்கி, முட்டுக் கட்டையை அடுத்த வெட்டில் இறக்க வேண்டும். இறங்கும்போது டக்கென்று சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பாட்டனார் உட்கார மாட்டார்.

நாற்காலி தேக்கு. கொழும்பிலிருந்து கப்பலில் வந்தது என்பார் பாட்டனார். தூத்துக்குடியில் வாங்கியதாகத்தான் நினைவு என்பார் உம்மா. அதன் அமைப்பில் மறைவானது எதுவும் கிடையாது. நீள்சதுரச் சட்டங்கள் இரண்டு, ஒன்றின் குறுக்கே ஒன்று; சேருமிடத்தில் பக்கத்துக்கு ஒரு போல்ட். ஒரு சட்டம் முதுகுக்கு, மற்றது தரைக்கும் இருக்கைக்கும். மேலும் கீழும் மடித்துத் தைத்த கித்தான் துணிக்குள் இரண்டு உருளைக் கம்புகள். முதுகுச் சட்டத்தின் பின்புறம் கீலில் ஆடும் சிறிய மூன்றாவது சட்டம் ஒன்று. அதுதான் முட்டு. அதன் அடிக்கட்டை அடிச்சட்டத்தின் பின்பகுதியில் வெட்டியிருக்கும் மூன்று பள்ளங்களில் ஏதாவது ஒன்றில் உட்காரும். முன்வெட்டில் போட்டால் முதுகு நிமிரும். பின்னால் போகப் போகச் சாயும்.

முதல் வெட்டு பேப்பர் படிக்க. இரண்டாவது, வந்தவர்களோடு பேச. மூன்றாவது, பகல் தூக்கத்துக்கு. கல்யாண வீட்டு விருந்தான களரிச் சாப்பாடு உண்டு வந்த நாட்களில் முதல் இரண்டும் கிடையாது, நேரே மூன்றாவது.

மனிதர் சாய்ந்தவுடன் அவருடைய எடை முதுகுச் சட்டத்தைப் பின்னுக்கும் கீழுக்கும் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் முட்டுச் சட்டம் வழியாக இறங்கி, அடிக்கட்டையை வெட்டின் பின்சுவரில் அழுத்துகிறது. ஆள் எவ்வளவு கனமோ அவ்வளவு இறுக்கம். பூட்டுவதற்குத் தாழ்ப்பாளும் இல்லை, சுருள்வில்லும் இல்லை. உட்கார்ந்திருப்பவரின் எடைதான் பூட்டு. எடையைக் கழற்றினால், அதாவது எழுந்து நின்றால், பூட்டும் கழன்றுவிடும். இதன் குறை, உட்கார்ந்தபடியே மாற்ற முடியாது என்பது. அதனால்தான் அந்தப் பொறிக்கு ஒரு பையனும் தேவைப்பட்டான்.

ஒரு கோடையில் நாற்காலி மூன்றாம் வெட்டிலிருந்து தானாக நழுவத் தொடங்கியது. ஆசாரி வந்தார். உளியை எடுக்கவே இல்லை; முதலில் விரலை வெட்டுக்குள் விட்டு ஓட்டிப் பார்த்தார். “பல்லு மழுங்கிட்டு மொதலாளி. கட்டை ஏறிக்கிட்டு வருது. இன்னும் கொஞ்ச நாள் போனா ஆளைத் தள்ளிரும்” என்றார். வெட்டின் பின்சுவர் செங்குத்தாகவோ, உள்ளே கொஞ்சம் கவிந்தோ நிற்க வேண்டும். அப்போதுதான் எடை விழ விழக் கட்டை பள்ளத்துக்குள் போகும். விளிம்பு தேய்ந்து வெளிப்பக்கம் சரிந்துவிட்டால் அதே எடை கட்டையை மேலே ஏற்றிவிடும். பூட்டிய சக்தியே திறக்கிற சக்தியாகிவிடுகிறது.

வெட்டைப் புதிதாக ஆழப்படுத்திவிடலாமே என்று பாட்டனார் கேட்டதற்கு ஆசாரி சொன்ன பதில் பையனுக்கு மறக்கவில்லை. மரத்தின் ரேகை சட்டத்தின் நீளவாக்கில் ஓடுகிறது. இரண்டு வெட்டுக்கு நடுவே நிற்கும் பல் அந்த ரேகையை மட்டும் நம்பி நிற்கிறது. வெட்டை ஆழமாக்கி, பல்லைக் குட்டையாக விட்டால், ஒரு நாள் அடியோடு சீவிக்கொண்டு போய்விடும். ஆழத்தைப்போல் மூன்று மடங்காவது பல்லின் நீளம் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அதனால் ஆழப்படுத்தாமல், பின்சுவரை மட்டும் நேராகச் சீவி, அதில் இரும்புத் தகட்டை வளைத்து இரண்டு திருகாணி அடித்துக் கொடுத்தார். அரை நாள் வேலை.

அந்த நாற்காலிக்கு வேறொரு பலவீனம் உண்டு. அதை அந்தக் காலத்துப் பிள்ளைகள் பலரும் அறிவார்கள். கித்தானுக்குள் இருக்கும் உருளைக் கம்பை உருவிவிட்டு, துணியை மட்டும் சட்டத்தில் மடித்து வைத்துவிட்டால் பார்க்க நாற்காலிபோலவே இருக்கும். பெருநாளைக்கு வந்திருந்த மச்சான் ஒருவன் இந்தக் குறும்பைச் செய்து, வசூலுக்கு வந்த ஒரு கனவானைத் தரையில் உட்கார வைத்தான். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அடி விழுந்ததும் உண்மை. விரல் நசுங்குவதும் அடிக்கடி நடந்தது. சட்டங்கள் சேருமிடத்தில் குழந்தைகள் கை வைத்திருக்கும்போது யாராவது உட்கார்ந்தால் போதும். எடையால் பூட்டுகிற பொறி இடையில் என்ன சிக்கியது என்று பார்ப்பதில்லை.

இந்த வெட்டும் கட்டையும் உலகம் முழுக்கப் பலவிதமாகச் செய்து பார்க்கப்பட்டவை. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் எஃப்ரெய்ம் கோல்மன் என்ற வயதான தச்சர் செய்து வைத்திருந்த நாற்காலியைப் பார்த்துத்தான், 1860களில் வில்லியம் மாரிஸின் நிறுவனம் தன் புகழ்பெற்ற மாரிஸ் நாற்காலியை உருவாக்கியது. அதில் முதுகுக்குப் பின்னால் குறுக்கே ஒரு கம்பி. அதை முன்னும் பின்னும் மாற்றினால் சாய்வு மாறும். வியன்னாவின் யோசெஃப் ஹோஃப்மன் 1905 வாக்கில் வடிவமைத்த நாற்காலியில், கைப்பிடிக்குப் பின்னே வரிசையாக மர உருண்டைகள். அவற்றின் இடையில் கம்பி மாட்டிக்கொள்ளும். அதற்கு வைத்த பெயரே உட்காரும் இயந்திரம். கப்பல் தளங்களில் போடும் மடக்கு நாற்காலிக்கு 1886-இல் ஜான் தாமஸ் மூர் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கினார். காயல் வீட்டு முன்கூடத்தில் கிடந்தது அந்தக் கப்பல் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கடலோடிய ஊருக்குப் பொருத்தமானதும்கூட.

வசதியான வீடுகளில் இருந்தது வேறு வகை. பிரம்பு பின்னியது, நீண்ட கைகள் கொண்டது, காலைத் தூக்கி அந்தக் கைகளில் போட்டுக்கொள்ளலாம். தோட்டத் துரைமார் பயன்படுத்திய நாற்காலி. அந்தஸ்துக்கு அதுதான். ஆனால் பெரும்பாலும் அதன் முதுகு ஒரே சாய்வில் நிலையாக நிற்கும். நிமிர்த்தவும் முடியாது, தாழ்த்தவும் முடியாது. அதில் கிடப்பவர் எழுந்து வேறு எதுவும் செய்யப்போவதில்லை என்று செய்தவருக்கே தெரியும்போல. நெல்லையில் மிளகாய் வத்தல் வியாபாரம் பார்த்துக்கொண்டே எழுதிய தோப்பில் முஹம்மது மீரான், ஒரு பழைய குடும்பத்தின் சரிவைச் சொல்ல எடுத்துக்கொண்டது சாய்வு நாற்காலியைத்தான். அந்த நாவலுக்கு 1997-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. மலையாளத்தில் வைக்கம் முகமது பஷீரோ பேப்பூர் வீட்டு மங்குஸ்தான் மரத்தடியில் சாய்வு நாற்காலியில் கிடந்தபடியே வாசகர்களை வரவேற்றவர். ஒருவருக்கு அது சோம்பலின் சின்னம், மற்றவருக்கு வேலை பார்க்கும் இடம். நாற்காலியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

பையன் இரண்டாவதாகப் பார்த்த பூட்டு முடிதிருத்தும் கடையில். சுழல் நாற்காலியின் பின்னால் தலையணை ஒன்று, பற்கள் வெட்டிய இரும்புத் தண்டில் ஏறி இறங்கும். மேலே இழுத்தால் டிக் டிக்கென்று ஏறும். விட்டால் நின்ற இடத்தில் நிற்கும். இறக்க வேண்டுமானால் பக்கத்துக் கொக்கியை அமுக்க வேண்டும். பல்லின் ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் நேர். சரிவில் கொக்கி வழுக்கி ஏறும், நேர்ப்பக்கத்தில் முட்டி நிற்கும். பாட்டனார் நாற்காலியின் வெட்டுதான் இதுவும். புதிதாகச் சேர்ந்தது, கொக்கியைப் பல்லோடு ஒட்டி வைத்திருக்கும் ஒரு சின்னச் சுருள்வில். அது வந்ததும் வெட்டு மாற்றும் பையன் வேலை இழந்தான்.

அடுத்தது கார். அந்நாளைய அம்பாசிடரின் முன்னிருக்கை ஒரே நீள பெஞ்ச். அதில் சாய்வை மாற்றும் பேச்சே இல்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதுதான் தென்மாவட்டத்து நடுத்தரக் குடும்பங்கள் பலவும், பக்கத்து லீவரைத் தூக்கினால் சாய்கிற கார் இருக்கையைப் பார்த்தன. சவூதியிலிருந்து திரும்பிய மாமா ஒருவர் வாங்கிய வண்டியில் நம் பையன், அதற்குள் இளைஞர், உட்கார்ந்து லீவரைத் தூக்கினார். முதுகு படாரென்று முன்னால் வந்து அறைந்தது. அடியில் கடிகாரத்தில் இருப்பதுபோன்ற வலுவான சுருள்வில் முதுகை எப்போதும் முன்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். சாய்கிறவர் தன் எடையால் அதை எதிர்த்துப் பின்னே போய், வேண்டிய இடத்தில் லீவரை விட்டால், பல்லும் கொக்கியும் கவ்விக்கொள்ளும். கார் மோதினால் ஒரு மனிதனின் எடை பல மடங்காகி அந்தப் பற்களின் மேல் விழும் என்பதால், கொக்கி பின்வாங்காதபடி அதற்குப் பின்னால் இன்னொரு துண்டு முட்டுக்கொடுத்து நிற்கிறது. ஆசாரி பல்லின் நீளத்துக்கு ஏன் அவ்வளவு வாதாடினார் என்பது இளைஞருக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

பிறகு சென்னை வேலை, வருடம் முழுக்க இராப் பயணம். அரசு விரைவுப் பேருந்தும் தனியார் பேருந்தும் ‘புஷ்பேக்’ என்று எழுதிக்கொண்டு வந்தன. இங்கே பற்கள் இல்லை. எந்தச் சாய்விலும் நிறுத்தலாம். ஒரு வகையில், நைட்ரஜன் வாயுவும் எண்ணெயும் நிரம்பிய உருளை. அதன் உந்துதண்டில் உள்ள அடைப்பைக் கைப்பொத்தான் திறந்தால் முதுகு நகரும், விட்டால் எண்ணெய் போக வழியின்றி நின்றுவிடும். ஜெர்மனியின் ஸ்டாபிலஸ் நிறுவனம் 1960களில் பெருமளவில் செய்யத் தொடங்கிய வாயு வில்லின் உறவுக்காரன் அது. இன்னொரு வகை, விமான இருக்கைகளில் அதிகம் காணப்படுவது, இவருக்கு மிகவும் பிடித்தது: வழவழப்பான எஃகுத் தண்டைச் சுற்றி இறுக்கமாகப் பிடித்திருக்கும் சுருள்வில். பொத்தானை அமுக்கினால் சுருள் ஒரு மயிரிழை விரிந்து தண்டை விடுகிறது. கையை எடுத்தால் மறுபடி இறுகுகிறது. சாய்கிறவரின் எடை தண்டை இழுக்கும்போது சுருள் இன்னும் நெருக்கிப் பிடிக்கும். பாட்டனாரின் நாற்காலியில் இருந்த அதே நியாயம்: தள்ளுகிறவனே பூட்டுகிறான்.

நியாயம் ஒன்றானாலும் பராமரிப்பு ஒன்றல்ல. திருச்செந்தூர் வழியாகச் சென்னை போகும் ஒரு தனியார் பேருந்தில், முன்னிருக்கையின் பூட்டு செத்துப்போயிருந்தது. அந்த இருக்கைக்காரர் பாவம், எடை குறைந்தவர், சாய நினைக்கவும் இல்லை. வண்டி வேகம் எடுக்கும்போதெல்லாம் முதுகு மெல்ல இறங்கி வந்து இவர் முழங்காலில் படுத்தது. பிரேக் போட்டால் எழுந்து நின்றது. மதுரை தாண்டியதும் நடத்துநர் வந்து பார்த்துவிட்டு, “கேபிள் லூசாயிருக்கு சார், டிப்போவுலதான் பாக்கணும்” என்றார். வாயு உருளையின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தாலும் இப்படித்தான் ஆகும். இரண்டில் எது என்று பயணிக்குத் தெரிய வழியில்லை. எல்லாம் துணிக்கும் தகட்டுக்கும் உள்ளே. உளியோடு வந்து விரலை விட்டுப் பார்க்க அங்கே ஆசாரியால் முடியாது. இருக்கை சாய்ப்பதில் பின்னால் இருப்பவரோடு நடக்கும் சண்டைகளுக்கும் பாதிக் காரணம் இதுதான் என்பது இவருடைய கட்சி: கொஞ்சமாகச் சாய்த்து அங்கேயே நிறுத்த முடிகிற இருக்கையில் மனிதர்கள் மரியாதையாகவே நடந்துகொள்கிறார்கள், பொத்தானை அமுக்கியதும் மல்லாக்க விழுகிற இருக்கைதான் ஆளைக் கெட்டவனாக்குகிறது.

2023 செப்டம்பர் 24 அன்று திருநெல்வேலியிலிருந்து சென்னை எழும்பூருக்கு வந்தே பாரத் ஓடத் தொடங்கியது. அந்த வரிசை ரயில்களில் ரயில்வே பெருமையோடு சொன்ன மாற்றங்களில் ஒன்று, இருக்கை சாயும் அளவைச் சுமார் 17 டிகிரியிலிருந்து 19 டிகிரிக்குச் சற்று மேலாகக் கூட்டியது. இரண்டு டிகிரி! சிரிக்கத் தோன்றும். வரிசைக்கு வரிசை இடைவெளி நிலையானது. ஒருவருக்குக் கூடுகிற டிகிரி பின்னிருப்பவரின் முகத்திலிருந்துதான் வெட்டப்பட வேண்டும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் முதுகை நிமிர்த்தச் சொல்வதும் இதே கணக்கில்தான். ஆபத்து நேர்ந்தால் பின்வரிசைக்காரர் வெளியேற வழி வேண்டும்.

சாய்வது உடம்புக்கு உண்மையிலேயே நல்லதா? ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன், 1960களிலிருந்து முதுகெலும்பு வட்டுகளுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். பிடிமானமின்றி நிமிர்ந்து உட்கார்வதைவிட, முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் அழுத்தம் குறைகிறது என்று கண்டார். 2006-இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் வசீம் பஷீர் என்ற கதிரியக்க மருத்துவரின் குழு, எம்.ஆர்.ஐ. மூலம் 22 பேரைப் பரிசோதித்துவிட்டு, தொடைக்கும் முதுகுக்கும் 135 டிகிரி இருந்தால் வட்டுகளுக்கு உகந்தது என்றது. இதைப் படித்ததும் நம் காயல்காரர் பள்ளிக்கூடப் பாகைமானியை எடுத்துப்போய்ப் பாட்டனாரின் நாற்காலியை அளந்தார். கித்தான் தொங்குவதால் அளவு நிலையாக இல்லை. மூன்றாம் வெட்டு ஏறத்தாழ அங்கேதான் வந்தது. மணிக்கணக்கில் அசையாமல் கிடக்க அந்த ஆய்வுகள் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாட்டனார் அதைக் கேட்டிருக்க மாட்டார்.

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது அந்தக் காலைக்கு முந்தைய இரவில்தான். பழைய வீட்டுக்குள்ளும் தண்ணீர் நுழைந்தது. ஓய்வுபெற்று ஊருக்கு வந்துவிட்ட அவர் முதுகுவலிக்காக வாங்கியிருந்த அலுவலக நாற்காலி அடியோடு நனைந்தது. அதன் இருக்கைக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி. அதனுள் சுருள்வில், அழுத்தம் கூட்டும் திருகு, பூட்டும் லீவர். தண்ணீர் வடிந்து சேறு வழித்து வெயிலில் வைத்தபோது லீவர் அசையவில்லை. சில நாளில் அசைந்தது, ஆனால் பூட்டவில்லை. கடைக்காரர் அந்தப் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. “ரிப்பேர் கிடையாது, முழு செட்டா மாத்தணும், அந்த மாடல் இப்ப வரல” என்றார்.

தேக்கு நாற்காலி கொல்லைச் சுவரோரம் மிதந்து போய் ஒதுங்கியிருந்தது. கித்தான் பாழ். போல்ட் இரண்டும் துரு. ஆசாரி அடித்த இரும்புத் தகட்டைத் துரு தின்றிருந்தது. வெட்டுகள் மூன்றும் அப்படியே நின்றன. நிழலில் உலர்த்தி, போல்ட் மாற்றி, தகட்டுக்குப் பதில் பித்தளைப் பட்டை அடித்து, புதுக் கித்தான் தைத்துப் போட்டாகிவிட்டது. இப்போது அதில் கிடப்பவர் அவர்தான்; வெட்டு மாற்றப் பேரன் இல்லை, பேரன் துபாயில். எழுந்து தானே மாற்றிக்கொள்கிறார். அந்த ஐந்தாறு முறை எழுந்திருப்பதே நல்லதுதான் என்று பிசியோதெரபி படித்த பேத்தி சொல்லியிருக்கிறாள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று கிடக்கலாம். இறக்கி, கித்தானைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு வெட்டின் பின்சுவரிலும் விரலை ஓட்டிப் பாருங்கள். விளிம்பு விரலில் உறைத்தால் தைரியமாகச் சாயலாம். வழுக்கினால் ஆசாரியைக் கூப்பிடுங்கள். கடையில் புதிதாக வாங்குகிறவர்கள் மெத்தையை அமுக்கிப் பார்ப்பதோடு நிற்க வேண்டாம். பூட்டிவிட்டு, முழு எடையையும் போட்டுச் சாய்ந்து, இடமும் வலமும் அசைந்து பாருங்கள். பூட்டு பழுதானால் அதை மட்டும் மாற்றித் தர முடியுமா என்று கேட்டு, பதிலைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.